தாடியால் கிழிந்த முகம் எது?

"மேடைக்கு ஏற வேண்டுமென்றால் முதலில் தாடியை எடு." குத்துச்சண்டை பழகப் போகிற இளைஞனுக்கு இந்தக் கட்டளை புதிதல்ல. கொழும்பின் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ இதைச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலானோர் தலையாட்டுவார்கள். குத்துச்சண்டை வீரன் என்றால் மழித்த முகம் என்பது அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. தாடி மயிர் எதிராளியின் தோலைக் கீறிவிடும் என்பார்கள். நாடியில் பட்ட காயத்தை அது மறைத்துவிடும், அழுக்குத் தங்கும், குத்தின் விசையைத் தாங்கி, தாடிக்காரனுக்கு அநியாயமான அனுகூலம் தரும் என்றும் சொல்வார்கள். இவை எல்லாம் ஓய்ந்தபின் கடைசியாக ஒன்று வரும்: தாடி ஒழுக்கத்துக்கு இழுக்கு.

இந்தக் காரணங்களில் ஒன்றுகூட எடுத்து ஆராய்ந்தால் நிற்காது. ஆனாலும் இவற்றின் பெயரால் உலகெங்கும் இளைஞர்கள் தலைமுறை தலைமுறையாகத் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார்கள். சர்வதேச அமெச்சூர் குத்துச்சண்டைச் சங்கமான ஐபாவின் விதிநூலே நெடுங்காலம் தாடியைத் தடைசெய்து வைத்திருந்தது. மேலுதட்டைத் தாண்டாத மீசைக்கு மட்டும் சலுகை.

முதலில் காயத்தைப் பார்ப்போம். குத்துச்சண்டையில் தோல் கிழிவது பெரும்பாலும் கண்ணைச் சுற்றித்தான். புருவ எலும்பின் மேல் தோல் மெல்லியது, அடியில் சதை குறைவு. கையுறை அங்கே அழுந்தினால் தோல் பிளந்துவிடும். 2003 ஜூனில் லொஸ் ஏஞ்சலிஸில் லெனொக்ஸ் லூயிஸும் விட்டாலி கிளிச்கோவும் மோதியபோது, புள்ளிகளில் முன்னிலையில் நின்ற கிளிச்கோவை ஆறாம் சுற்றோடு நிறுத்தியது இடக்கண்ணைச் சுற்றிய வெட்டுக்கள். 2019 செப்டெம்பரில் லாஸ் வேகாஸில் ஒட்டோ வாலினோடு மோதிய டைசன் பியூரிக்கு வலக்கண்ணின் மேல் பிளந்த காயத்துக்கு 47 தையல் போடவேண்டி வந்தது. இரண்டையும் செய்தது எதிராளியின் கையுறைதான். புருவத்திலும் மயிர்தான் இருக்கிறது. காயம் அதிகம் படும் இடமும் அதுதான். புருவத்தை மழித்துவிட்டு வா என்று எந்த வைத்தியரும் எந்த வீரனிடமும் கேட்டதில்லை. மயிருக்குள் கிடக்கும் காயத்தைப் புருவத்தில் கண்டுபிடிக்கத் தெரிந்த வைத்தியருக்கு நாடியில் மட்டும் ஏன் தெரியாமல் போகும்?

காயம் படக்கூடாது என்ற அக்கறையையும் கொஞ்சம் நிறுத்துப் பார்க்க வேண்டும். 1984 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் வந்த தலைக்கவசத்தை 2013இல் ஆண்களின் உயர்மட்டப் போட்டிகளிலிருந்து எடுத்துவிட்டது இதே ஐபா. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் வெறுந்தலையோடு மோதினார்கள். மூளை அதிர்ச்சி குறையும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அந்த நியாயம் சரியா பிழையா என்பது வேறு விவாதம். ஆனால் கவசத்தை எடுத்தபின் வெட்டுக்காயங்கள் கூடின. அந்த விலையை ஏற்றுக்கொண்டுதான் விளையாட்டு நடந்தது. இத்தனை காயத்தைத் தாங்கத் துணிந்தவர்கள், நாடியில் வளர்ந்த மென்மயிர் எதிராளியைக் கீறிவிடும் என்று அஞ்சுவதை எப்படி நம்புவது?

உண்மையில் கீறுவது எது என்பது மல்யுத்தக்காரர்களுக்குத் தெரியும். முகத்தோடு முகம், கழுத்தோடு கழுத்து உரசும் விளையாட்டு அது. அதன் சர்வதேச விதி நெடுங்காலமாகச் சொல்லி வந்தது இதுதான்: வீரன் அன்றன்றைக்கு ஒட்ட மழித்திருக்க வேண்டும், அல்லது பல மாதம் வளர்ந்த தாடி வைத்திருக்க வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட முள்தாடிதான் அங்கே தடை. காரணம் எளியது. வெட்டப்பட்ட மயிரின் நுனி கூர்; முளைத்து இரண்டு நாளில் அது அரத்தைப் போல் உராயும். நீள வளர்ந்த மயிர் வளைந்து கொடுக்கும். காலையில் மழித்துவிட்டு இரவில் மேடையேறுகிறவனின் முகம், ஆறு மாதத் தாடிக்காரனின் முகத்தைவிட எதிராளிக்குச் சொரசொரப்பானதாக இருக்கக்கூடும்.

சுத்தம் பற்றிய வாதமும் இப்படியே தலைகீழாகத்தான் நிற்கிறது. சவரக்கத்தி தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை விடுகிறது. சுருள்மயிர்க்காரர்களுக்கு மழித்த மயிர் உள்நோக்கி வளர்ந்து கொப்புளமாகும். இரத்தமும் வியர்வையும் கலக்கும் ஒரு விளையாட்டில், போட்டிக்குச் சற்றுமுன் கீறப்பட்ட தோல்தான் தொற்றுக்குத் திறந்த வாசல். சில நாள் தொடர்ந்து நடக்கும் சுற்றுப்போட்டியில் ஒவ்வொரு சண்டைக்கும் முன் மழிக்கச் சொல்வது அந்த வாசலை ஒவ்வொரு நாளும் புதிதாகத் திறக்கச் சொல்வதாகும். கழுவிச் சீவிய தாடி யாருக்கும் தீங்கு செய்யாது.

அனுகூலம் என்ற குற்றச்சாட்டுக்குத்தான் ஒரு விஞ்ஞான ஆதாரம் காட்டுகிறார்கள். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு அது. எலும்பைப் போன்ற செயற்கைப் பொருளின் மேல் செம்மறியாட்டுத் தோலைப் போர்த்தி, மேலிருந்து எடையை விழவிட்டுப் பார்த்தார்கள். மயிர் பிடுங்கிய தோலைவிட, அடர்ந்த மயிருள்ள தோல் 37 சதவீதம் கூடுதல் சக்தியை உறிஞ்சியது. விநோத ஆய்வுகளுக்கு வழங்கப்படும் இக் நோபல் பரிசுகளில் சமாதானத்துக்கானது அடுத்த ஆண்டு அந்த ஆய்வுக்குக் கிடைத்தது.

நல்ல ஆய்வுதான். ஆனால் அது ஆட்டு மயிரைப் பற்றியது, அதுவும் அடர்த்தியான மயிரைப் பற்றியது. மனிதத் தாடையும் கழுத்தும் கையுறையும் அதில் இல்லை. நாடியில் விழும் குத்து ஆளை வீழ்த்துவது தலையைச் சட்டென்று சுழற்றுவதால். தலை சுழன்றால் மண்டைக்குள் மூளை குலுங்குகிறது. சீராக வெட்டிய ஒரு விரற்கடைத் தாடி அந்தச் சுழற்சியை நிறுத்துமென்று அந்த ஆய்வு காட்டவில்லை. அப்படியே கொஞ்சம் தாங்குகிறது என்று வைத்துக்கொண்டாலும், அதற்குத் தீர்வு நீளத்துக்கு ஓர் அளவு வைப்பது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தாடி எதிராளியைக் கிழிக்கும் அளவுக்குக் கடினம் என்றும், குத்தை ஏந்தும் அளவுக்கு மெத்தை என்றும் ஒரே வாயால் சொல்கிறார்கள். இரண்டில் ஒன்றையாவது அவர்கள் கைவிட வேண்டும்.

தொழில்முறைக் குத்துச்சண்டை இந்த அச்சத்தை எப்போதோ கடந்துவிட்டது. 1980 ஜூனில் மொன்றியலில் சுகர் ரே லெனார்டைத் தோற்கடித்த ரொபேர்ட்டோ டுரான் கருந்தாடியோடுதான் நின்றார். மார்வின் ஹாக்லர் என்றாலே மொட்டைத் தலையும் குறுந்தாடியும்தான் நினைவுக்கு வரும். செச்னியாவில் வேர்கொண்ட முஸ்லிம் வீரர் ஆர்தர் பெற்றர்பியெவ் 2023 ஜனவரியில் லண்டன் வெம்பிளியில் அந்தனி யார்டை எட்டாம் சுற்றில் வீழ்த்தியபோதும், 2024 ஒக்டோபரில் ரியாத்தில் திமித்ரி பிவோலை வென்று நான்கு உலகப் பட்டங்களையும் ஒன்றாக்கியபோதும் தாடியோடு இருந்தார். தோற்றவர்களில் எவரும் தாடி தங்களை வென்றது என்று சொல்லவில்லை.

எஞ்சுவது ஒழுக்கம். மற்றக் காரணங்கள் விழுந்தபிறகும் இது விழாமல் நிற்கும், ஏனென்றால் இதற்கு ஆதாரமே கேட்கப்படுவதில்லை. இலங்கையில் குத்துச்சண்டை வளர்ந்தது கல்லூரிகளிலும் படைகளிலும் பொலிஸிலும். மழித்த முகம் அங்கிருந்து வந்த பழக்கம். அங்கே அது வந்தது பிரித்தானியப் படைமுகாமிலிருந்து. அந்த முகாமின் வரலாற்றைப் புரட்டினால், 1916 ஒக்டோபர் வரை பிரித்தானியத் தரைப்படைச் சிப்பாய் மேலுதட்டை மழிக்கக்கூடாது என்பதே விதி. மீசை வைக்காதவன்தான் அன்றைக்கு ஒழுங்கு கெட்டவன். பிறகு தாடிக்குத் தடை தொடர்ந்தது. 2024 மார்ச்சில் அதே படை அந்தத் தடையையும் நீக்கிவிட்டது. அரச கடற்படையிலோ அனுமதி பெற்று முழுத்தாடி வைப்பது பழைய மரபு. எஜமானர்களே கழற்றிப் போட்ட சட்டையை இங்கே ஒழுக்கமென்று இன்னும் அணிந்துகொண்டிருப்பதில் என்ன பெருமை?

இந்த மூடநம்பிக்கையை நேருக்கு நேர் எதிர்த்து நின்றவர் பர்தீப் சிங் நாக்ரா. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துச் சீக்கியர். வெள்ளவத்தையின் எத்தனையோ குடும்பங்களுக்கு உறவுகள் குடியிருக்கும் அதே மாகாணம். கேசத்தை வெட்டாதிருப்பது அவருடைய சமயக் கடமை. 1999இல் மாகாணச் சம்பியனாகத் தேசியப் போட்டிக்குத் தெரிவான அவரை, தாடியை எடுக்காவிட்டால் மேடையேற முடியாது என்று கனடாவின் குத்துச்சண்டைச் சங்கம் மறித்தது. அவர் நீதிமன்றம் போனார். தாடியோடு போட்டியிட விடவேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. போட்டி நடக்கவிருந்த பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு அந்த உத்தரவோடு போய்ச் சேர்ந்தபோது, அவருடைய எடைப்பிரிவுப் போட்டியையே சங்கம் ரத்துச் செய்தது. ஒரு தாடிக்காரன் மேடையேறக் கூடாது என்பதற்காக, மழித்த முகத்தோடு அந்தப் பிரிவில் காத்திருந்தவர்களின் ஆண்டு உழைப்பும் வீணாயிற்று. பாதுகாப்பு அக்கறை இப்படி நடந்துகொள்ளாது. இது வெறும் வீம்பு. பிற்பாடு கனடா விதியை மாற்றியது. இங்கிலாந்தின் அமெச்சூர் சங்கம் சீக்கியரும் முஸ்லிம்களும் தொடர்ந்து போராடியபின் 2018இல்தான் இறங்கி வந்தது.

இது சீக்கியர் விவகாரம், நமக்கென்ன என்று கொழும்புத் தமிழர் ஒதுங்க முடியாது. கார்த்திகை முதலாம் திகதி கொட்டாஞ்சேனையிலும் ஜிந்துப்பிட்டியிலும் எத்தனை இளைஞர்கள் மாலை போட்டுக்கொள்கிறார்கள்! சபரிமலைக்கு விரதம் பிடித்தால் மண்டலம் முடியும்வரை முகத்தில் கத்தி படக்கூடாது. வீட்டில் தகப்பன் செத்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை சவரம் செய்யாத குடும்பங்கள் வெள்ளவத்தையில் இன்றும் ஏராளம். அந்த நாட்களுக்குள் ஒரு போட்டி வந்தால் அந்தப் பிள்ளை என்ன செய்வான்? ஐயப்பனையோ செத்த தகப்பனையோ ஒருபக்கம் தள்ளிவிட்டு சலூனுக்குப் போக வேண்டுமா? பக்கத்துத் தெருவில் இருக்கும் முஸ்லிம் பிள்ளைக்கு இது நாற்பது நாள் பிரச்சினையல்ல, வாழ்நாள் பிரச்சினை. தாடி வைப்பது அவனுக்கு நபிவழி. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பின் இந்த நகரம் அவன் தாடியை எந்தக் கண்ணோடு பார்த்தது என்பது எல்லோருக்கும் தெரியும். விளையாட்டு மைதானமும் அந்தக் கண்ணோடு பார்க்கத் தொடங்கினால் அவன் எங்கே போவான்?

ஆளைத் தோற்றத்தையும் அடையாள அட்டையையும் வைத்துப் பிரிப்பது எப்படிப்பட்ட அவமானம் என்று தமிழருக்கு எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை விடுதிகளிலிருந்து தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பியதை இந்தத் தெருக்கள் பார்த்திருக்கின்றன. மறுநாள் உயர் நீதிமன்றம் குறுக்கிட்டுத் தடுத்தது. குத்துச்சண்டை விதியும் அந்தக் கொடுமையும் ஒரே அளவானவை அல்ல. ஆனால் அதை அனுபவித்த சமூகத்தில் ஒரு பயிற்றுவிப்பாளர், முகமயிரைப் பார்த்து ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பும்போது மனம் நோகத்தான் செய்கிறது.

இதைவிட வேதனையானது, கண்காணிக்க வேண்டியதை விட்டுவிட்டு நாடியையே கண்காணித்த வரலாறு. 1938இல் சிட்னியில் நடந்த சாம்ராஜ்ஜிய விளையாட்டு விழாவில் பார்ணி ஹென்றிகஸ் இலங்கைக்குத் தங்கம் கொண்டுவந்தார். பின்னர் பொதுநலவாய விழாவாகப் பெயர் மாறிய அந்த விழாவில், குத்துச்சண்டையில் அடுத்த தங்கத்துக்கு 72 ஆண்டுகள் காத்திருந்தது நாடு. 2010 டில்லி பொதுநலவாய விழாவில் மஞ்சு வன்னியாரச்சி அதை வென்றார். ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கி அதை இழந்தார். பதக்கம் வேல்ஸ் வீரரிடம் போனது. நாட்டைத் தலைகுனிய வைத்த பொருள் இரத்தத்தில் ஓடியது. உலக அளவிலும் இதே கதைதான். ரியோ ஒலிம்பிக்கில் தீர்ப்புகள் முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டதை ரிச்சர்ட் மக்லாரனின் விசாரணை 2021இல் அம்பலப்படுத்தியது. 2023 ஜூனில் சர்வதேச ஒலிம்பிக் குழு ஐபாவின் அங்கீகாரத்தையே பறித்தது. வீரர்களின் மீசை அளவைக்கூட விதிநூலில் எழுதி வைத்திருந்த நிர்வாகத்துக்கு, தன் நடுவர்களின் நேர்மையை அளக்க முடியவில்லை.

செய்யவேண்டியது அதிகமில்லை. எடை பார்க்கும் காலையில் வைத்தியர் எப்படியும் வீரனின் கண்ணையும் மூக்கையும் கையையும் பார்க்கிறார். அதோடு தாடியைச் சீப்பால் விலக்கி அடியிலுள்ள தோலையும் பார்க்கட்டும். நீளத்துக்கு ஓர் அளவு வையுங்கள். எண்ணெயோ கிறீமோ பூசக்கூடாது என்று எழுதுங்கள். சுற்றின் இடைவேளையில் நடுவருக்குச் சந்தேகம் வந்தால் நாடியைத் தொட்டுப் பார்க்க உரிமை கொடுங்கள். கொழும்பில் குத்துச்சண்டை நடத்தும் ஒவ்வொரு கல்லூரியும் கழகமும் இதை அடுத்த போட்டிக்கு முன்னரே எழுத்தில் அறிவித்துவிடலாம். பயிற்சிக்கூடத்தில் சேர வரும் பிள்ளையிடம் முதல் நாளே அதைப் படித்துக் காட்டலாம்.