பகடிவதைக்குப் பார்வையாளரும் பொறுப்பு

இணையப் பகடிவதை, அதாவது ஒருவரைச் சமூக ஊடகத்தில் இடைவிடாது ஏளனம் செய்தும் மிரட்டியும் அவதூறு பரப்பியும் மனமுடையச் செய்யும் செயல், மலேசியத் தமிழரிடையே இனியும் சில்லறைச் சச்சரவாகக் கருதப்படக் கூடாது. 2024 ஜூலை 5ஆம் நாள் கோலாலம்பூரில் உயிரிழந்த டிக்டோக் படைப்பாளர் ஈஷா என்ற ராஜேஸ்வரி, அதற்கு முந்தைய நாள்தான் தமக்கு வந்த மிரட்டல்கள் குறித்துக் காவல்துறையில் புகார் செய்திருந்தார். அது தொடர்பான வழக்கொன்றில், 1955ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டத்தின் 14ஆம் பிரிவின்கீழ், ஒரு பெண்ணுக்கு 100 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. நீதிமன்றம் இரக்கம் காட்டியதால் வந்த தொகையன்று அது. அப்பிரிவில் இருந்த உச்ச அபராதமே அவ்வளவுதான்.

அந்த 100 ரிங்கிட் நாட்டையே உலுக்கியதன் பயனாகத் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, 2025 ஜூலை 11 முதல் பகடிவதை தனிக் குற்றமாயிற்று. துன்புறுத்தலால் ஒருவர் தற்கொலைக்குத் தூண்டப்பட்டால் பத்தாண்டு வரை சிறை விதிக்க இயலும். ஒருவரின் முகவரி, தொலைபேசி எண் போன்றவற்றைத் தீய நோக்குடன் அம்பலப்படுத்துவதும் இக்குற்றத்தில் அடங்கும். அக்காலத்தில் சட்டத்துறைத் துணையமைச்சராக இருந்தவர் ஈப்போ பாராட் நாடாளுமன்ற உறுப்பினர் மு. குலசேகரன் என்பதால், பேராக் தமிழருக்கு இச்சட்டம் தொலைவில் எங்கோ எழுதப்பட்ட ஒன்றன்று. ஆயினும் சட்டம் பேசியவரைத் தண்டிக்குமேயன்றி, கூடிநின்று கேட்டவரைத் தொடாது. இத்தலையங்கத்தின் கவலை அவர்களைப் பற்றியதே.

அவர்களின் மௌனத்தைப் புரிந்துகொள்ளத் தோட்டக் காலத்தை நினைக்க வேண்டும். சுங்கை சிப்புட், பீடோர், சுங்காய் வட்டாரங்களின் ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வீடமைப்புப் பகுதிகளாகியும் போன பின், லயத்து வீடுகளில் அடுத்தடுத்து வாழ்ந்த குடும்பங்கள் ஈப்போவின் அடுக்குமாடிகளுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் சிதறின. லயத்தில் பழிச்சொல் இல்லாமல் இல்லை. சொன்னவரை விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நேருக்கு நேர் பார்த்தாக வேண்டியிருந்ததாலும், கோயில் திருவிழாவுக்கு முன் பெரியவர்கள் பேசித் தீர்க்க முயன்றதாலும், அதற்கு ஓர் எல்லை இருந்தது. அந்தச் சமரசம் பல வேளைகளில் பெண்ணின் வாயை அடைத்தே முடிந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. இன்று அச்சிதறிய உறவுகளைச் சேர்த்துக் கட்டும் கயிறாக இருப்பவை, மறைந்த தோட்டங்களின் பெயரிலேயே இயங்கும் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்கள். அங்கே ஒரு பெண்ணைப் பற்றிய இழிவான காணொளி பகிரப்படும்போது அது அவளுடைய சித்தப்பாவையும் சம்பந்தம் பேசவந்த வீட்டாரையும் ஒரே இரவில் எட்டிவிடுகிறது. அவளுக்காகப் பேச வேண்டிய உறவினரோ வம்பு வேண்டாமென்று மௌனமாகிறார்கள். முன்பின் தெரியாதவன் திட்டியதை அவள் ஒருவேளை கடந்துவிடலாம். அதைப் பார்த்தும் பாராததுபோல் இருந்த சொந்தங்களின் மௌனம், தூக்கத்தைக் கெடுத்து, திருமணம் காரியம் என்று எங்கும் போகவிடாமல் அவளை வீட்டுக்குள் முடக்கிவிடுகிறது.

டிக்டோக் நேரலையில் இத்தகைய வசை வருமானமாகவும் மாறுகிறது. பார்வையாளர்கள் பணம் கொடுத்து வாங்கும் நாணயங்கள் மெய்நிகர் பரிசுகளாக அனுப்பப்பட்டு, அவற்றில் ஒரு பகுதி நேரலை நடத்துபவருக்குப் போய்ச் சேரும். ஆகவே இருவர் ஏசிக்கொள்ளும் இரவில் கூட்டம் பெருகினால் பணமும் பெருகும். மறுத்து ஒரு சொல்லும் எழுதாமல் நள்ளிரவு வரை அமர்ந்து பார்ப்பவர், தாம் எவரையும் திட்டவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது, ஏனெனில் அந்த வசைக்கு அரங்கும் கூலியும் தந்தவர் அவரே. மலாயும் ஆங்கிலமும் கலந்து ரோமன் எழுத்தில் எழுதப்படும் தமிழ் வசைகளை இயந்திர வடிகட்டி மட்டும் பிடித்துவிடும் என்று நம்புவதும் வீண். தமிழறிந்த மனிதக் கண்காணிப்பாளர்களை நியமிக்குமாறு சமூக ஊடக நிறுவனங்களை மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் வற்புறுத்த வேண்டும்.

துன்புறுவோர் உதவி நாடத் தயங்குவதற்குப் பேராக்கிலேயே ஒரு காரணம் ஊன்றியிருக்கிறது. தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் தொடங்கப்பட்டு, இன்று உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை எனப்படும் மனநல மருத்துவமனையால், அவ்வூரின் பெயரே பைத்தியக்காரரைச் சுட்டும் கேலிச்சொல்லாகிவிட்டது. மனச்சோர்வுக்கு மருந்துண்பவரை அப்பெயரால் அழைக்கும் வழக்கத்தைத் தமிழ்ப்பள்ளிகளும் கோயில் நிர்வாகங்களும் வெளிப்படையாகக் கண்டித்து நிறுத்த வேண்டும். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டதால், மனம் உடைந்தவர் காவல்துறைக்கு அஞ்சி ஒளிய வேண்டியதும் இல்லை. சுகாதார அமைச்சின் 15555 என்ற உதவி எண்ணும் ஈப்போ பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பும் அவர்களுக்காகவே இயங்குகின்றன. திருவிழா நிகழ்ச்சிநிரலையும் மரணச் செய்தியையும் தவறாமல் அனுப்பும் ஒவ்வொரு தோட்டத்துப் புலனக் குழுவும் அந்த எண்ணைத் தன் முகப்பில் வைக்கட்டும். இழிவான காணொளியைப் பகிர்ந்தவரிடம், அவர் மாமனேயானாலும், அதை நீக்குமாறு அன்றே அனைவர் முன்னும் கேட்கட்டும்.