ஊர் அறிவோம்: ஓர் ஓடையும் இரு கரைகளும்

ஜெர்மனி நாட்டின் படத்தில் பவேரியா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் ஹோஃப் என்னும் நகரம் காணப்படும். அதற்கு வடக்கே, வயல்களுக்கும் காடுகளுக்கும் இடையே மெட்லராய்ட் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அங்கு வாழ்வோர் சுமார் 50 பேரே. ஊரின் நடுவே டான்பாக் என்னும் ஓடை செல்கிறது. ஒரு சிறுவன் தாண்டிவிடக்கூடிய அகலந்தான். எனினும், அவ்வூரின் வரலாறு முழுவதும் அவ்வோடையைச் சுற்றியே அமைந்துவிட்டது.

1810-ஆம் ஆண்டில் ஓடையோரமாக எல்லைக் கற்கள் நடப்பட்டன. ஒரு கரை பவேரிய மன்னருக்கும், மறு கரை ரொய்ஸ் என்னும் சிறு சமஸ்தானத்துக்கும் உரியதாயிற்று. 1920-இல் ரொய்ஸ், தூரிங்கியா மாநிலத்துடன் இணைந்தது. இம்மாறுதல்கள் ஊராரைப் பிரிக்கவில்லை. பள்ளிக்கூடமும் விடுதியும் தூரிங்கியக் கரையில் இருந்தன. வழிபாட்டிற்கோ பவேரியப் பக்கத்து டேப்பன் ஊருக்குச் சென்றனர். ஓடையைக் கடப்பதற்கு எவரும் எவரையும் கேட்கவேண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிந்ததும் பவேரியா அமெரிக்கர் வசமும், தூரிங்கியா சோவியத் ரஷ்யர் வசமும் வந்தன. 1949-இல் ஜெர்மனியே இரு நாடுகளாயிற்று. பழைய எல்லைக் கற்கள் இப்பொழுது இரு உலகங்களின் எல்லையாக நின்றன! 1952-இல் கிழக்கு அரசாங்கம் மரப்பலகை வேலி எழுப்பியது. பின்னர் முள்வேலி வந்தது. 1966-இல் சுமார் 700 மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் சுவர் எழுந்தது. அண்டை வீட்டுக்காரர் அயல்நாட்டார் ஆயினர். மேற்குக் கரையில் நிற்கும் உறவினருக்குக் கிழக்கிலிருந்து கையசைப்பதும் தடுக்கப்பட்டது. அமெரிக்கர் இவ்வூரைச் 'சின்ன பெர்லின்' என்றழைத்தனர்.

1989 நவம்பர் 9-ஆம் நாள் பெர்லின் சுவர் திறந்தது. மெட்லராய்ட் மேலும் ஒரு மாதம் காத்திருந்தது. டிசம்பர் 9-இல்தான் அங்கு நடந்து செல்ல வழி திறந்தது. 1990 ஜூன் 17-இல் சுவரின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. நினைவுக்காக ஒரு பகுதியை மட்டும் விட்டுவைத்து, அருங்காட்சியகமும் அமைத்துள்ளனர்.

வாசகர்களே, வியப்பு ஒன்று எஞ்சியுள்ளது. எல்லை இன்றும் அங்கேயே இருக்கிறது! ஒரு கரை பவேரியா, மறு கரை தூரிங்கியா. அஞ்சல் குறியீடு வேறு. தொலைபேசியின் முன் எண் வேறு. முகமன் கூறும் சொற்கள்கூட வேறு. ஆயினும் அதனால் எவருக்கும் துன்பமில்லை. ஓடையைத் தடையின்றிக் கடக்கின்றனர்.

பல மாநில எல்லைகளைக் கடந்து வந்து வாழும் நம் குடும்பங்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். எல்லைக் கல் இருப்பதனால் உறவு அறுவதில்லை. போக்குவரவு அற்றால்தான் உறவு அறும். விடுமுறையில் ஊருக்குச் சென்று திரும்பும் வழி திறந்திருக்கும்வரை, தொலைவு ஒரு பொருட்டன்று.