சவுக்கு எடுக்கற ஆளு வேணும்னு சொல்றவங்களுக்கு

இப்பெல்லாம் எந்த பேக்கரியில உக்காந்து டீ குடிச்சாலும் ஒரு பேச்சு காதுல விழுகுதுங்க. "நாட்டுக்கு ஒரு ஹிட்லர் வரோணும், அப்பத்தான் எல்லாம் நேராகும்." 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டு, திருப்பூர் பனியன் கம்பெனிகளோட ஆர்டர்ல அடி விழுந்ததுக்கு அப்புறம் இந்தப் பேச்சு இன்னும் சாஸ்தி. நூல் விலை, ஆள் கூலி, தென்னைக்கு வாடல் நோய், ஆபீசுல லஞ்சம்னு எல்லாத்துக்கும் ஒரே மருந்துதான் சொல்றாங்க. சவுக்கு எடுக்கற ஒரு ஆளு.

சொல்றவங்க பலபேர் எனக்கு வேண்டியவங்கதான். ஆனாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லீர்றேன். அந்தச் சவுக்கு மொதல்ல விழுகப்போறது உங்க முதுகுலயும் எம் முதுகுலயும்தான். இதைத் தெரிஞ்சுக்க ஜெர்மனி வரைக்கும் போக வேண்டாம். நம்ம நாட்டுலயே 21 மாசம் நடந்திருக்கு. 1975 ஜூன்ல இருந்து 1977 மார்ச் வரைக்கும் இருந்த அவசரநிலை.

அப்ப நாட்டுக்கு இருந்த கஷ்டம் நிஜம். 1971ல இந்திரா காந்தி அம்மா வறுமையை ஒழிப்போம்னு சொல்லி பெருசா ஜெயிச்சாங்க. அந்த வருசமே பாகிஸ்தானோட சண்டையிலயும் ஜெயிச்சாங்க. அப்புறம் மழை பொய்ச்சுது, 1973ல பெட்ரோல் விலை உலகம் முழுக்க ஏறுச்சு, விலைவாசி தலைக்கு மேல போச்சு. 1974 மே மாசம் ரயில்வேக்காரங்க ஸ்ட்ரைக். பீகார்ல ஜெயப்பிரகாஷ் நாராயண் பின்னாடி ஜனம் திரண்டுச்சு.

இத்தனைக்கும் அவசரநிலை வரலீங்க. எப்ப வந்துச்சுன்னு பாருங்க. 1975 ஜூன் 12ந் தேதி, ரேபரேலியில அந்தம்மா ஜெயிச்சது செல்லாதுன்னு அலகாபாத் ஐகோர்ட்டு நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா தீர்ப்பு சொன்னார். ஜூன் 25 ராத்திரியே ஜனாதிபதி பக்ருதீன் அலி அகமது கையெழுத்துப் போட்டாச்சு. மந்திரிசபைக்கே மறுநாள் விடியக்காலைதான் சொன்னாங்க. அதுக்கு முந்தியே டெல்லியில பத்திரிகை ஆபீசுகளுக்கு கரண்டைப் புடுங்கிட்டாங்க.

நாற்காலிக்கு வந்த ஆபத்தை நாட்டுக்கு வந்த ஆபத்துன்னு பேர் மாத்துனாங்க. சர்வாதிகாரம் வர்ற வழி இதுதான். நம்ம கஷ்டத்தை ஒரு போர்வையாட்டம் எடுத்துப் போத்திக்கிட்டு வரும்.

அது பூட்டை உடைச்சுட்டும் வரல. சாவியை நாமதான் முன்னாடியே குடுத்து வெச்சிருந்தோம். விசாரணை இல்லாம உள்ளே போடற மிசா சட்டம் 1971லயே பாஸ் ஆயிருச்சு. சண்டைக்காக 1971 டிசம்பர்ல போட்ட அவசரநிலை, சண்டை முடிஞ்சும் எடுக்காம அப்படியே கிடந்துச்சு. கேட்டவங்க கொஞ்சம்பேர். ஜெர்மனியிலயும் ஹிட்லர் 1933 ஜனவரியில முறைப்படி பதவிக்கு வந்த ஆளுதான். பிப்ரவரியில பார்லிமென்ட் கட்டடம் தீப்பிடிச்சுது, மறுநாளே ஜனங்க உரிமையெல்லாம் ரத்து. மார்ச்ல பார்லிமென்டே ஓட்டுப்போட்டு அதிகாரத்தைத் தூக்கிக் குடுத்துருச்சு.

சரி, சவுக்கு யார் மேல விழுந்துச்சு? கள்ளச்சந்தைக்காரனைப் புடிச்சாங்கன்னு சொல்வாங்க, கொஞ்சம் புடிச்சாங்கதான். ஆனா தொழிலாளிக்குக் கட்டாயம் குடுக்க வேண்டிய போனசை 8.33 சதவீதத்துல இருந்து 4 சதவீதமாக் குறைச்சதும் அதே 1975லதான். தீபாவளி போனசை நம்பி வருசம் பூரா மிஷின்ல உக்காந்திருக்கற நம்ம பனியன் கம்பெனி ஜனம் இதை ஒருக்கா யோசிக்கோணும். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசன் 1976-77ல மட்டும் 80 லட்சத்துக்கு மேல. வடக்கே எத்தனையோ ஏழைகளை மிரட்டிக் கூட்டிட்டுப்போய்ப் பண்ணுனாங்க. உள்ளே போட்டது 1 லட்சம் பேருக்கு மேல. இங்க 1976 ஜனவரி 31ந் தேதி கலைஞர் ஆட்சியைக் கலைச்சாங்க, மெட்ராஸ் ஜெயில்ல அடிபட்ட சிட்டிபாபு அப்புறம் செத்தே போனார். உள்ளே போட்டவங்க கோர்ட்டுக்குக் கூட வர முடியாதுன்னு 1976 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. அஞ்சு நீதிபதியில எச்.ஆர்.கன்னா ஒருத்தர்தான் மாட்டேன்னு எழுதுனார். அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவி வரல.

"ஆனா ரயிலெல்லாம் நேரத்துக்கு வந்துச்சே" அப்பிடீம்பாங்க. வந்திருக்கலாமுங்க. லேட்டா வந்தா அதை எழுதப் பேப்பர் இருந்துச்சா?

இன்னொண்ணும் கேப்பாங்க, ஜனநாயகத்துல மட்டும் என்ன வாழுதுன்னு. நியாயமான கேள்வி. 1970ல மின் கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகளை நம்ம பக்கத்துப் பெருமாநல்லூர்லயே போலீஸ் சுட்டு 3 பேர் செத்தாங்க. அப்ப இருந்ததும் ஓட்டுப்போட்டு வந்த அரசுதான். ஆனா வித்தியாசத்தைப் பாருங்க. செத்தவங்க பேரை ஊரறியச் சொல்ல முடிஞ்சுது. ரெண்டே வருசத்துல, 1972ல, நாராயணசாமி நாயுடு பின்னால மாட்டுவண்டிகளைக் கட்டிட்டுப் போய் கோயமுத்தூர் ரோட்டையே அடைச்சாங்க நம்ம விவசாயிங்க. நம்மளாட்ட சின்ன ஆளுக்கு இருக்கற ஆயுதம் கூட்டமும் வாயும்தான். சவுக்கு எடுக்கற ஆளு மொதல்ல புடுங்கறது அந்த ரெண்டைத்தான்.

விவசாயிக்கு இன்னும் கிட்டத்துல ஒரு பாடம் இருக்கு. இலங்கையில 2019 ஈஸ்டர் அன்னைக்கு குண்டு வெடிச்சு 250க்கு மேல செத்தாங்க. பயந்துபோன ஜனம் அந்த நவம்பர்லயே கோத்தபய ராஜபக்சவை ஜனாதிபதி ஆக்குச்சு. 2020 அக்டோபர்ல 20வது திருத்தம் கொண்டுவந்து அதிகாரம் பூரா அவர் கைக்குப் போச்சு. 2021ல ஒரே உத்தரவுல ரசாயன உரம் இறக்குமதிக்குத் தடை. இயற்கை விவசாயம் நல்லதுதான், நானும் சாணி போடறவன்தான். ஆனா மண்ணு மாறறதுக்கு வருசக்கணக்கா ஆகும்னு அவர்கிட்ட எதுத்துச் சொல்ல ஆளில்ல. நெல்லு விளைச்சல் விழுந்துச்சு, தேயிலை அடிவாங்குச்சு. 2022 ஜூலையில அவர் நாட்டை விட்டே ஓடுனார். ப்ளேன் ஏறுனது அவரு. காய்ஞ்ச வயலோட நின்னது நம்மளாட்ட விவசாயி.

1978ல 44வது திருத்தம் கொண்டுவந்து, உள்நாட்டுக் குழப்பம்னு சொல்லி அவசரநிலை போட முடியாது, மந்திரிசபை எழுத்துல குடுக்கோணும்னு மாத்தினாங்க. நல்ல பூட்டுத்தான். ஆனா வீட்டுக்காரனே கதவைத் தொறந்து வாங்க வாங்கன்னு கூப்பிட்டா பூட்டு என்னங்க பண்ணும்?

நம்ம ஊராட்சிகளையே பாருங்க. 2016 கடைசியில இருந்து மூணு வருசம் தேர்தலே இல்லாம தனி அலுவலர் கையில இருந்துச்சு. 2025 ஜனவரியில பதவிக்காலம் முடிஞ்சதும் மறுபடியும் தனி அலுவலர். ரோட்டுக்கும் தண்ணிக்கும் சண்டை போட்டோம். எங்களுக்கு ஓட்டு எங்கேன்னு எத்தனை பேர் கேட்டோம்? கேக்காம இருந்து பழகறது இப்படி சின்ன எடத்துலதான் ஆரம்பிக்குது. ஊராட்சியில கேக்காதவன் டெல்லியில கேக்கப் போறதில்ல.

அதனால சொல்றேன். கிராம சபைன்னா கையெழுத்துப் போட்டுட்டுத் திரும்பாதீங்க. உக்காந்து வரவு செலவைப் படிக்கச் சொல்லுங்க. இன்னொரு கஷ்டகாலம் வந்து, "கொஞ்ச நாளைக்கு யாரும் எதுவும் கேக்காதீங்க, எல்லாம் நான் பாத்துக்கறேன்"னு ஒருத்தர் வந்து நின்னா, அவர் எந்தக் கட்சியா இருந்தாலும், எவ்வளவு நல்லவரா தெரிஞ்சாலும் ரெண்டு கேள்வி கேளுங்க. கொஞ்ச நாள்னா எந்தத் தேதி வரைக்கும்? நீங்க தப்புப் பண்ணுனா நாங்க யார்கிட்டப் போய்ச் சொல்றது? பதில் வர்ற வரைக்கும் கைதட்டாதீங்க.