லட்சுமிகாந்தன் சரித்திரமும் நமது யோக்கியதையும்

சிதம்பரத்திலும் கடலூரிலும் உள்ள நம் இயக்க வாலிபர்கள் சிலர் விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதி வருகிறார்கள். தமிழ் வளர்ச்சிக் கழகத்தார் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளியிட்ட காலத்தில், அதற்கு எழுத நிபுணர்களையும் பண்டிதர்களையுமே அழைத்தார்கள். 2003-ல் தமிழில் தொடங்கிய இந்தக் களஞ்சியத்திலோ பெட்டிக்கடைக்காரரும் எழுதலாம். பட்டம் பெற்றவர் எழுதியதை அவர் திருத்தவும் செய்யலாம். இது நமக்கு மிகவும் பிடித்தமான ஏற்பாடேயாகும். ஆனால் அந்த வாலிபர்களில் ஒரு தோழர் எழுதிக்கொண்டுவந்து காட்டிய ஒரு ஜீவிய சரித்திரத்தைப் படித்த பிறகு சில வார்த்தைகள் சொல்லாமலிருக்க நம்மால் முடியவில்லை.

அது சி. என். லட்சுமிகாந்தனைப் பற்றியது. சென்னையில் 'சினிமா தூது' என்றும், பிறகு 'இந்து நேசன்' என்றும் பத்திரிகை நடத்தி, நடிகர் நடிகைகளின் அந்தரங்கங்களை அச்சிட்டுக் காசாக்கியதாகப் பேர் வாங்கியவர். 1944 நவம்பர் 8-ந் தேதி வேப்பேரியில் ரிக்ஷாவில் போகும்போது கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். அந்தக் கொலைக்குச் சதி செய்ததாக எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதாகி, 1945-ல் ஆயுள் தண்டனை பெற்றார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை அப்பீல் போயிற்று. வழக்கை மறுபடி விசாரிக்கும்படி அங்கிருந்து திரும்பி வந்த பிறகு, 1947-ல் சென்னை ஹைகோர்ட் இருவரையும் விடுதலை செய்தது.

தோழர் எழுதியதில் இவ்வளவும் இருந்தது. ஆனால் முதல் வாக்கியத்திலேயே 'கயவன்' என்றும், இடையில் 'கலைஞர்களின் இரத்தத்தைக் குடித்த அட்டை' என்றும், முடிவில் 'அவன் ஒழிந்தது நாட்டுக்கு நன்மையே' என்றும் இருந்தது. ஏன் இப்படி என்றோம். "கலைவாணரை இரண்டு வருஷத்துக்கு மேல் ஜெயிலில் வாடவைத்த பயலுக்கா நடுநிலைமை?" என்று நம்மையே திருப்பிக் கேட்டார்.

தோழரின் கோபம் நமக்கும் உண்டு. கிருஷ்ணன் நம்மவர். 1949-ல் வந்த 'நல்லதம்பி' படத்தில் நந்தனார் கதையைத் தலைகீழாக்கி, கிந்தனார் என்று ஒருவனைப் படிக்கப் பட்டணத்துக்கு அனுப்பிவைத்துச் சிரிக்கச் செய்தவர். நம்முடைய நூறு பிரசங்கம் செய்யாத வேலையை அந்த ஒரு காலட்சேபம் செய்தது. ஆனாலும் கிருஷ்ணனை ஜெயிலில் வைத்தது செத்துப்போன லட்சுமிகாந்தனா? போலீசும் ஜூரியும் கோர்ட்டும் அல்லவா? கத்திக்குத்துப்பட்டவன் தலையிலேயே வழக்கின் பழியையும் சுமத்துவது எந்தப் பகுத்தறிவில் சேர்ந்தது?

அன்றியும், 'கயவன்' என்ற சொல்லால் படிக்கிறவனுக்கு என்ன தெரிந்துவிட்டது? எழுதினவருக்கு லட்சுமிகாந்தனைப் பிடிக்காது என்பது மாத்திரமே தெரிந்தது. அதைவிட, இன்ன பத்திரிகையை நடத்தினார், அதில் இன்னாரைப் பற்றி இப்படி எழுதினார், எழுதாமலிருக்கப் பணம் கேட்டார் என்று இன்னார் இன்ன இடத்தில் சொல்லியிருக்கிறார் என்று எழுதினால், படிப்பவன் தானே ஒரு முடிவுக்கு வருவானல்லவா? அவர் பத்திரிகையால் அதிகம் அவமானப்பட்டவர்கள் நடிகைகள். ஆண் நடிகனைப் பற்றி வம்பு எழுதினால் அவனுக்கு ரசிகன் கூடுவான். பெண்ணைப் பற்றி எழுதினால் அவளை நம் சமூகம் என்ன செய்யுமென்று நாம் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கொடுமையை ஒளிக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஆதாரத்தோடு விரிவாகவே எழுதட்டும். நடுநிலைமை என்பது பாகப்பிரிவினைபோல் நல்லதில் பாதி, கெட்டதில் பாதி பங்கு வைப்பதல்ல. பூமி உருண்டை என்பவனுக்கும் தட்டை என்பவனுக்கும் ஆளுக்கொரு பத்தி ஒதுக்குகிறவன் நடுநிலைக்காரனல்ல, சோம்பேறி.

கிருஷ்ணன் விஷயத்திலும் இதே அளவுகோல்தான். தோழர் 'உத்தமர் என்று உலகமே ஒப்புக்கொண்டது' என்று எழுதியிருந்தார். எதிர்க்கட்சியான் வந்தால் 'பணத்தை இறைத்துத் தப்பித்தார்' என்று மாற்றி எழுதுவான். இரண்டும் வேண்டாம். தண்டித்த வருஷத்தையும், விடுதலையான வருஷத்தையும், எந்த கோர்ட் என்பதையும் எழுதினால் அதற்குமேல் அவருக்கு நற்சாட்சிப் பத்திரம் எதற்கு?

நிற்க, சரித்திரம் எப்படி வளர்கிறதென்பதைச் சிதம்பரத்துக்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டுமா? நந்தன் கதை இந்த ஊர்ச் சரக்கல்லவா? சுந்தரர் பாட்டில் அவர் வெறும் பெயர். நம்பியாண்டார் நம்பியிடம் ஒரு செய்யுளானார். சேக்கிழாரிடம் முப்பத்தேழு செய்யுளாகி நெருப்பில் இறங்கி முனிவராக எழுந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் கைக்கு வந்தபோது, சேக்கிழாருக்கே தெரியாத ஒரு வேதியப் பண்ணையார் கதைக்குள் வந்து உட்கார்ந்து நந்தனை வதைக்கலானார். நெருப்பில் இறங்கினவன் எப்படி உயிரோடு வந்தான், ருஜு எங்கே என்று கேட்கிற நாமே, அந்தப் பண்ணையாரின் கொடுமையை மாத்திரம் நடந்த சரித்திரம்போல் எத்தனை மேடையில் பேசியிருக்கிறோம்! நமக்குச் சாதகமான பொய் என்றால் ருஜு கேட்க மறந்துவிடுகிறோம். பண்ணையில் ஆதிதிராவிடர் பட்ட கொடுமைக்கு மெய்யான சாட்சியங்கள் எவ்வளவோ கிடக்க, கற்பனைப் பண்ணையார் நமக்கு எதற்கு?

இந்த இணையக் களஞ்சியத்திலேயே இதற்கொரு பெரிய உதாரணம் உண்டு. அமெரிக்காவில் ஜான் சீகன்தாலர் என்று ஒரு கீர்த்திபெற்ற பத்திரிகாசிரியர். ராபர்ட் கென்னடியிடம் வேலை பார்த்தவர். 2005 மே மாதத்தில் எவனோ ஒருவன் அவர் சரித்திரத்தில், கென்னடி சகோதரர்கள் இருவரின் கொலையிலும் அவருக்குச் சம்பந்தமிருப்பதாகச் சந்தேகம் உண்டென்று எழுதிவைத்தான். விளையாட்டுக்காக எழுதினானாம்! அந்தப் பொய் நான்கு மாதத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. எழுபத்தெட்டு வயதில் அந்த மனிதர் தாமே பத்திரிகையில் எழுதித்தான் உலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகே உயிரோடிருப்பவர் சரித்திரத்துக்கு அங்கே விதிகள் இறுகின. ஆதாரமில்லாத பழியைக் கண்டால் யாரையும் கேட்காமல் உடனே அடித்துவிட வேண்டுமென்பது அவற்றில் ஒன்று.

சீகன்தாலருக்கு மறுப்பு எழுத உயிர் இருந்தது. லட்சுமிகாந்தனுக்கு அது இல்லை. அவரைப்பற்றி இன்று நமக்குக் கிடைப்பதில் பெரும்பாகம் வழக்குச் செய்திகளும் சினிமா உலகத்தார் சொல்லிவைத்தவையுமே. அவர் பத்திரிகையின் பழைய இதழைப் புரட்டிப் பார்த்துத் திட்டுகிறவர் ஆயிரத்தில் ஒருவர்கூட இருக்கமாட்டார். நம் தோழரும் பார்த்ததில்லை என்று ஒப்புக்கொண்டார். கொலையாகிச் செத்த ஒருவனைக் கொன்றது நன்மை என்று ஒரு கலைக்களஞ்சியம் சொல்லுமானால், நாளைக்கு நம் பத்திரிகைக்காரன் ஒருவனை மதவெறியன் எவனாவது குத்திச் சாய்த்தபின் அவன் கட்சியாரும் இதே வாக்கியத்தை எழுதுவார்கள். அப்போது நாம் எந்த வாயால் அடிக்கச் சொல்லுவோம்?

தோழர் முகம் சுளித்துக்கொண்டுதான் போனார். மூன்று நாள் கழித்துத் திருத்திக் கொண்டுவந்தார். 'கயவன்' போயிருந்தது. 'அட்டை' போயிருந்தது. 'நன்மையே' என்ற வாக்கியம் மாத்திரம், 'என்று பலர் கருதினர்' என்ற வாலோடு இன்னும் இருந்தது. அந்தப் பலர் யார் என்று கேட்டோம். சிரித்துவிட்டு, அதையும் நம் எதிரிலேயே அடித்தார்.