அள்ளி ஊட்டும் பாசமும் வளையும் கால்களும்: மட்டக்களப்பின் பெரிய இன நாய்கள்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வீட்டு முற்றங்களில் அல்சேஷன், லாப்ரடோர், றொட்வைலர் நாய்களைக் காண்பது இன்று புதினமல்ல. ஒரு தலைமுறைக்கு முன்னர் அல்சேஷன் என்றாலே பொலிஸும் ஆமியும் கொண்டுவரும் நாய் என்றுதான் எம்மில் பலர் அறிந்திருந்தோம். இன்று அதே நாய் ஒரு பேஸ்புக் விளம்பரத்தின் ஊடாக, வெளிநாட்டிலிருக்கும் அண்ணனோ மாமாவோ அனுப்பிய காசில், அட்டைப்பெட்டிக்குள் இருந்தபடி வீட்டுக்கு வருகிறது.

இப்படி வரும் குட்டிகளில் சில ஆறேழு மாதத்திலேயே நொண்டத் தொடங்குகின்றன. முன்னங்கால் வளைகிறது. பின்னங்கால்கள் இரண்டையும் சேர்த்து முயல் போலத் துள்ளி ஓடுகின்றன. படுத்தால் எழும்பத் தயங்குகின்றன. "சாப்பாடு காணாது, கல்சியம் காணாது" என்பதே அயலவர் முதல் குட்டியை விற்றவர் வரை எல்லோரும் சொல்லும் தீர்ப்பு. வீட்டுக்காரரும் இன்னொரு கோப்பை பால்மாவும் இன்னொரு போத்தல் கல்சியமும் வாங்குகிறார். பெரிய இன நாய்களைப் பொறுத்தவரை, பல வேளைகளில் நோயை வளர்ப்பதே இந்த வைத்தியம்தான்.

ஏன் பெரிய நாய்?

இதை வசதி படைத்தவர்களின் செல்லப்பிராணி மோகம் என்று தட்டிக்கழிக்க முடியாது. 2011 ஓகஸ்டில் 'கிறீஸ் பூதம்' பற்றிய பீதி கிழக்கு முழுவதும் பரவியபோது, கிராமம் கிராமமாக மக்கள் இரவில் தூங்காமல் விழித்திருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். போர் முடிந்தும் பயம் முடியவில்லை என்பதை அந்த இரவுகள் காட்டின. கணவனை இழந்த பெண்கள் பிள்ளைகளுடன் தனித்து வாழும் வீடுகள் இங்கு ஏராளம். படுவான்கரையின் வயலோரக் கிராமங்களில் யானைப் பயம் வேறு. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் களவுப் பயமும் சேர்ந்துகொண்டது. வாசலில் ஒரு பெரிய நாய் படுத்திருந்தால் உள்ளே பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்கும் என்பதே கணக்கு.

ஆகவே அந்த நாய் நொண்டினால் அந்த வீடு இழப்பது காவலை. கடன்பட்டோ கைமாற்றாகவோ கொடுத்த பணத்தை. அதற்கு மேல், தன் கையால் ஊட்டி வளர்த்த ஒரு உயிர் வலியில் முனகுவதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

குட்டியின் எலும்புக்குள் நடப்பது

ஒரு அல்சேஷன் குட்டி பிறக்கும்போது ஏறத்தாழ அரைக் கிலோ நிறை. ஒன்றரை வருடத்தில் அது 30 கிலோவைத் தாண்டிவிடும். 60 மடங்கு வளர்ச்சி. மூன்று கிலோவில் பிறக்கும் மனிதக் குழந்தை 60 கிலோ ஆவதற்கு 20 மடங்கு வளர்ந்தால் போதும். அதற்கும் 18 வருடங்கள் எடுத்துக்கொள்கிறது.

இந்த வேகத்தைத் தாங்குவது எலும்பின் நுனிகளில் இருக்கும் வளர்ச்சித் தட்டுகள். அவை மெல்லிய குருத்தெலும்பால் ஆனவை. பெரிய இனங்களில் இவை முழுமையாக மூடி எலும்பாக ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை ஆகும். அதற்குள் உடல் நிறை அளவுக்கு மீறி ஏறினால் பச்சைத் தூணில் கொங்கிறீட் தட்டுப் போட்டது போலாகிவிடும். கால் வளையும், மூட்டுக் குருத்தெலும்பு பிளக்கும், இடுப்புப் பந்து அதன் கிண்ணத்தில் சரியாகப் பொருந்தாமல் போகும். கடைசியாகச் சொன்னதைத்தான் 'ஹிப் டிஸ்பிளேசியா' என்கிறார்கள். பரம்பரையாக வரும் குறை இது. ஆனாலும் அது எவ்வளவு மோசமாக வெளிப்படும் என்பதில் சாப்பாட்டுக்குப் பெரும் பங்குண்டு.

இதற்கு வலுவான சான்று அமெரிக்காவில் 48 லாப்ரடோர் நாய்களை வைத்து அவற்றின் ஆயுள் முழுவதும் நடத்தப்பட்ட ஆய்வு. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளைச் சோடி சேர்த்தார்கள். ஒன்றுக்குக் கொடுத்ததை விட 25 வீதம் குறைவாக மற்றதற்குக் கொடுத்தார்கள். உணவு ஒன்றுதான், அளவு மட்டும் வேறு. இரண்டு வயதில் பார்த்தபோது குறைவாகச் சாப்பிட்ட கூட்டத்தில் இடுப்பு மூட்டுக் குறை மற்றக் கூட்டத்தில் இருந்ததில் பாதியை விடவும் குறைவாக இருந்தது. 2002இல் வெளியான முடிவின்படி அவற்றின் இடைநிலை ஆயுள் 13 வருடம். நிறையச் சாப்பிட்டவற்றுக்கு 11.2 வருடம். வலி குறைந்தது மட்டுமன்றி, ஏறத்தாழ இரண்டு வருட ஆயுளும் கூடியது.

காது நிமிரக் கல்சியமா?

அல்சேஷன் வளர்ப்பவர்களிடையே பரவியுள்ள நம்பிக்கை ஒன்று: காது நிமிர்ந்து நிற்கக் கல்சியம் கொடுக்கவேண்டும். காது எலும்பால் ஆனதல்ல, அது குருத்தெலும்பு. நான்கு மாதமளவில் பல் விழுந்து முளைக்கும் காலத்தில் நின்ற காது மீண்டும் சாய்வதும், பல் முளைத்து முடிந்தபின் நிமிர்வதும் வழமை. அந்த இடைவெளியில் கொடுத்த கல்சியத்துக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது.

வளர்ந்த நாயின் குடல் தேவைக்கு மேற்பட்ட கல்சியத்தை உறிஞ்சாமல் விட்டுவிடும். ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியால் அப்படிச் செய்ய முடியாது. கொடுப்பதில் பெரும்பகுதி உடலுக்குள் போயே தீரும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980களில் கிரேட் டேன் குட்டிகளுக்கு வழமையின் மும்மடங்கு கல்சியம் கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பு பலமாகவில்லை. குருத்தெலும்பு எலும்பாக மாறும் ஒழுங்கு குழம்பியது, எலும்புக் கோளாறுகளே தோன்றின.

மறுபக்கத் தவறும் உண்டு. எலும்பில்லாத இறைச்சி, ஈரல், வெறும் சோறு என்று மட்டும் கொடுத்தால் பொஸ்பரஸ் கூடிக் கல்சியம் மிகக் குறைந்துவிடும். அப்போது உடல் தனக்கு வேண்டிய கல்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே உருவிக்கொள்ளும். சின்னப் பாய்ச்சலிலேயே கால் முறியும்.

பொதிசெய்யப்பட்ட உணவுகளுக்கான அமெரிக்க அளவுகோல், வளரும் குட்டிக்கு 1000 கிலோகலோரி உணவில் கல்சியம் 3 கிராமுக்குக் குறையக்கூடாது என்கிறது. பெரிய இனக் குட்டிக்கு 4.5 கிராமைத் தாண்டவும் கூடாது. ஒரு தேக்கரண்டி முட்டைக்கோதுத் தூளிலேயே ஏறத்தாழ 2 கிராம் கல்சியம் இருக்கிறது. கண்மட்டத்தில் அள்ளிப் போடுவது எவ்வளவு ஆபத்தானது என்பது இதிலிருந்து விளங்கும்.

பசி அறிந்த வீடுகள்

இத்தனையும் தெரிந்தாலும், குட்டிக்கு அளவாகச் சாப்பாடு வையுங்கள் என்பது எங்கள் ஊரில் இலகுவில் எடுபடாத அறிவுரை. அதற்குக் காரணம் அறியாமை மட்டுமல்ல.

வாவியைக் கடந்து படுவான்கரைக்குச் சாமான் கொண்டுபோகச் சோதனைச் சாவடிகளில் கட்டுப்பாடு இருந்த காலத்தை வாழ்ந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். 2006, 2007 இடப்பெயர்வில் முகாம் வரிசைகளில் தட்டுடன் நின்றவர்கள் இருக்கிறார்கள். வாகரையிலும் கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலும் வீட்டோடு நாயையும் விட்டுவிட்டு ஓடியவர்கள் இருக்கிறார்கள். கடைசியாக, 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டபோது, மூன்று வேளையை இரண்டாக்கிய குடும்பங்களும் இவைதான்.

இப்படிப்பட்ட சமூகத்தில் விலா தெரியும் உடல் என்பது வறுமையின் அடையாளம். கொழுத்த குட்டி என்பது "நாங்கள் மீண்டுவிட்டோம்" என்பதன் அடையாளம். நாயின் தட்டில் இரண்டாம் முறை சோறு போடும் கை, தான் பட்ட பசியை இன்னொரு உயிர் படக்கூடாது என்றுதான் போடுகிறது. அந்த மனதைக் கேலி செய்வதில் பயனில்லை. மெலிவும் பட்டினியும் ஒன்றல்ல என்பதைக் கையால் தொட்டறியக் கற்றுக்கொடுப்பதே வழி.

அதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. கையைப் பொத்திப் பிடித்து மறு கையால் முட்டிகளைத் தடவிப் பாருங்கள். குட்டியின் விலா அப்படித் துருத்திக்கொண்டிருந்தால் அது மெலிந்துவிட்டது. கையை விரித்து உள்ளங்கையில் விரல்கள் தொடங்கும் இடத்தைத் தடவுங்கள். விலா அப்படிச் சதைக்குள் புதைந்திருந்தால் கொழுத்துவிட்டது. விரித்த கையின் புறப்பக்கம் போல, பார்வைக்குத் துருத்தாமல் தொட்டால் தட்டுப்பட்டால் அதுவே சரியான அளவு. மேலிருந்து பார்க்கும்போது இடுப்பு ஒடுங்கித் தெரியவும் வேண்டும்.

எங்கள் சமையலறையில்

பொதி உணவு வாங்க வசதியுள்ளவர்கள் 'லார்ஜ் பிரீட் பப்பி' என்று குறிப்பிட்டதை வாங்கவேண்டும். அதில் கல்சியம் கணக்குப் பார்த்தே சேர்க்கப்பட்டிருக்கிறது. அதற்கு மேல் ஒரு துளி கல்சியமும் வேண்டாம். 2022இல் ரூபாய் விழுந்தபின் இறக்குமதி உணவின் விலை பலருக்கு எட்டாததாகிவிட்டது. அவர்களுக்கு வாவியும் கடலும் தரும் சூடை, நெத்தலி போன்ற சின்ன மீன்கள் உதவும். முள்ளோடு நன்றாக அவித்துப் பிசைந்தால் புரதமும் கல்சியமும் பொஸ்பரஸும் சேர்ந்தே கிடைக்கும். உப்புக் கருவாடு வேண்டாம். அவித்த கோழி எலும்பு சிராய்போல உடைந்து குடலைக் குத்தும், அதுவும் வேண்டாம். மீன், முட்டை, பருப்பு, சோறு என்று வீட்டுச் சாப்பாட்டிலேயே வளர்ப்பவர்கள் குட்டியின் நிறையைச் சொல்லிக் கால்நடை வைத்தியரிடம் கல்சிய அளவைக் கணக்கிட்டு வாங்குவது அவசியம்.

"எங்கட வெயில் போதும், விற்றமின் டி தானாகக் கிடைக்கும்" என்று நினைப்பவர்களும் உண்டு. மனிதரைப் போல நாயின் தோல் வெயிலில் போதிய விற்றமின் டி செய்வதில்லை. அது சாப்பாட்டிலிருந்தே வரவேண்டும். கொழுப்புள்ள மீனும் முட்டை மஞ்சளும் இங்கேயும் கைகொடுக்கும்.

மணல் முற்றமும் ரைல்ஸ் தரையும்

நோர்வேயில் நான்கு பெரிய இனங்களைச் சேர்ந்த குட்டிகளை வைத்து நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று மாதத்துக்கு முன்னர் தினமும் படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் குறை கூடுதலாக இருந்தது. கட்டாமல் வெளியில், மென்மையான தரையில் ஓடித்திரிந்த குட்டிகளுக்குக் குறைவாக இருந்தது.

இந்த ஒரு விடயத்தில் மட்டக்களப்பின் ஏழை வீடு வசதியான வீட்டை வென்றுவிடுகிறது. கல்லடி, நாவலடி, களுவாஞ்சிகுடிப் பக்கத்து மணல் முற்றம் ஒரு குட்டியின் காலுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த தரை. வழுக்கும் ரைல்ஸ் தரையில்தான் பின்னங்கால்கள் அகன்று சறுக்குகின்றன. பகல் முழுவதும் சங்கிலியில் கட்டிவைத்து இரவில் மட்டும் அவிழ்த்துவிடுவதும், மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கொண்டுபோய் மேலிருந்து குதிக்க விடுவதும், சைக்கிளின் பின்னால் மைல் கணக்கில் ஓடவிடுவதும் ஒரு வயது வரை தவிர்க்கவேண்டியவை.

கருத்தடையிலும் அவசரம் வேண்டாம். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வயதுக்கு முன் கருத்தடை செய்யப்பட்ட அல்சேஷன்களில் மூட்டு நோய் சுமார் மூன்று மடங்கு கூடுதலாக இருந்தது. தெருநாய்களின் பெருக்கத்தைத் தடுக்கும் திட்டங்களின் கணக்கு வேறு, வீட்டில் அடைத்து வளர்க்கும் பெரிய இனக் குட்டியின் கணக்கு வேறு.

சந்தையும் சட்டமும்

பழியை வளர்ப்பவர் மீது மட்டும் போட்டுவிட முடியாது. வம்சாவளிச் சான்றிதழ் குட்டியின் தாய் தந்தை யாரென்று சொல்லுமே தவிர, அவற்றின் இடுப்பு நலமா என்று சொல்லாது. இரண்டு வயதுக்குப் பின் எடுத்த எக்ஸ்ரேதான் அதைச் சொல்லும். விற்பவரிடம் அதைக் கேட்கலாம் என்பதே வாங்குபவர் பலருக்குத் தெரியாது. அது இல்லையென்றால், தாய் நாயை எழும்பி நடக்கச் சொல்லிப் பார்க்கவாவது வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை வாங்கவே கூடாது.

விலங்குகளைப் பாதுகாக்கும் எமது அடிப்படைச் சட்டம் 1907ஆம் ஆண்டின் பிரித்தானியர் காலக் கட்டளைச் சட்டம். அதில் தண்டப்பணத்தின் உச்சவரம்பு 100 ரூபாய். சட்ட ஆணைக்குழு 2006இலேயே புதிய விலங்கு நலச் சட்டமூலத்தை வரைந்தது. அது அரசாங்கத்துக்கு அரசாங்கம் கைமாறி இழுபட்டதுதான் மிச்சம். இந்த இடைவெளியில்தான் குட்டிச் சந்தை வளர்ந்திருக்கிறது.

வைத்தியத்திலும் இதே இடைவெளி. அரச கால்நடை வைத்திய அலுவலகங்களின் பிரதான பொறுப்பு மாடு, ஆடு, கோழி. மக்களின் வாழ்வாதாரம் அதுதான் என்பதால் அது நியாயமும்கூட. நாட்டின் கால்நடை மருத்துவ பீடம் இருப்பது பேராதனையில். ஆனால் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்தில் விலங்கு விஞ்ஞானம் கற்பிக்கப்படுகிறது. எங்கள் மீனையும் அரிசியையும் வைத்துக் குட்டி உணவுக்கான ஒரு பக்கத் தமிழ் அட்டவணை தயாரிப்பது அவர்களுக்குப் பெரிய வேலையல்ல. மாகாணத் திணைக்களம் அதைத் தடுப்பூசி முகாம்களில் கொடுக்கலாம்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவுதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குட்டியைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி நின்று நிறையைக் குறித்துவையுங்கள். விலாவைத் தடவிப் பாருங்கள். நொண்டல் இரண்டு மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் எண்ணெய் பூசிக்கொண்டிராமல் வைத்தியரிடம் காட்டுங்கள். காவலுக்கு மட்டுமே நாய் தேவையென்றால், இந்த வெயிலுக்கும் இந்த மணலுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பழகிய நாட்டு நாயும் இரவில் அதே சத்தத்தோடுதான் குரைக்கும். அதன் காலுக்கு யாரும் கல்சியம் கொடுத்ததில்லை.