சைரன் கேட்டால் கார் என்ன செய்யும்?



போன ஐப்பசியில் உளுந்துக் காட்டில் களை எடுக்கப் போன எங்க அத்தையைப் பாம்பு கடித்துவிட்டது. 108க்கு போன் போட்டோம். வண்டி தார் ரோடு வரை வந்தது. அதற்கு அப்புறம் கரிசல் மண். மழை பெய்தால் அந்த மண் சக்கரத்தை விடுமா? ஓட்டுநர் அண்ணாச்சி போனிலேயே சொன்னார்: "உள்ள வந்தா வண்டி பொதஞ்சிரும். அவங்கள நடக்க விடாதீங்க, கட்டில்ல வச்சுத் தூக்கிட்டு வாங்க." நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தோம்.

கோவில்பட்டிக்கு வரும் வழியில் ரோடு முழுக்க ஆடுகள். சைரன் கேட்டதும் ஆடு மேய்க்கிற தாத்தா கம்பை வீசி ஓரமாக ஒதுக்கினார். எதிரே வந்த லாரிக்காரர் மண்ணில் இறக்கி நிறுத்தி, கையைக் காட்டி "போங்க போங்க" என்றார். நேரத்துக்கு விஷமுறிவு மருந்து கிடைத்தது. அத்தை பிழைத்துவிட்டார்கள்.

இப்போது என் கேள்வி. அந்த லாரியில் ஓட்டுநரே இல்லாமல் இருந்திருந்தால்?

இது வெறும் கற்பனை இல்லை. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் ஓட்டுநர் இல்லாத டாக்சிகள் ஓடுகின்றன. 2023 ஜனவரியில் ஒரு வீட்டில் தீ. ரோட்டில் கிடந்த தண்ணீர்க் குழாய்களை நோக்கி அப்படி ஒரு கார் வந்தது. கையைக் காட்டினால் அதற்குப் புரியவில்லை. கடைசியில் தீயணைப்பு வீரர்கள் கண்ணாடியை உடைத்துத்தான் அதை நிறுத்தினார்கள்! அதே ஆண்டு ஆகஸ்டில் அங்கே இன்னொரு கார் தீயணைப்பு வண்டியோடு மோதியது. இதற்கெல்லாம் பிறகு 2024இல் கலிபோர்னியா ஒரு சட்டம் போட்டது. அவசரப் பணியாளர்கள் கம்பெனி ஆளோடு பேசக் காரில் வசதி வேண்டும். "இந்த இடத்தை விட்டு விலகு" என்று அவசரப் பணியாளர்கள் சொன்னால் 2 நிமிடத்துக்குள் காருக்கு உத்தரவு போக வேண்டும். 2026 ஜூலை முதல் என்று நாளும் குறித்தார்கள்.

"நம்ம ஊருக்கு இது எதுக்குடா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஓட்டுநர்களின் வேலை போய்விடும், அதனால் இந்தியாவில் விடமாட்டோம் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017லும் சொன்னார், 2023லும் சொன்னார். நல்ல காரணம்தான். ஆனால் ஒருநாள் வந்துவிட்டால்? அதைச் செய்யப் போகிறவர்களில் நம் பள்ளியில் படித்தவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காக நான் சொல்வது இதுதான்.

முதலாவது, காரின் வெளியே, இருட்டிலும் தெரிகிற இடத்தில் ஒரு பொத்தான் வேண்டும். 108 பணியாளர் அதை அமுக்கினால் கார் நிற்க வேண்டும், கதவு திறக்க வேண்டும்.

இரண்டாவது, சைரன் கேட்டதும் "உங்களைப் பார்த்துவிட்டேன், இடதுபக்கம் ஒதுங்குகிறேன்" என்று கார் வெளியே எழுத்தில் காட்ட வேண்டும். லாரிக்காரர் கை காட்டியதும் இதைத்தானே சொன்னது?

மூன்றாவது, தமிழில் சொன்னால் புரிய வேண்டும். டவர் கிடைக்காத காட்டிலும் வேலை செய்ய வேண்டும். எல்லாவற்றையும் தூரத்து ஆபீஸில் கேட்டுத்தான் செய்யும் என்றால் எங்க காட்டுப் பாதைக்கு அது உதவாது.

நான்காவதுதான் முக்கியம். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் முன்பு, நம் 108 ஓட்டுநரோடும் மருத்துவ உதவியாளரோடும் ஒரு ராத்திரி வண்டியில் போய்வர வேண்டும். 2008லிருந்து தமிழ்நாட்டு ரோடுகளில் ஓடுகிறவர்கள் அவர்கள். யார் எப்படி வழி விடுவார்கள், எங்கே வண்டி புதையும் என்று அவர்களுக்கு அத்துப்படி. அவர்களைக் கேட்காமல் செய்த கார் எவ்வளவு விலை என்றாலும் அரைகுறைதான்.

ஆடு மேய்க்கிற தாத்தாவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சைரன் என்றால் உள்ளே ஒரு உயிர் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். காருக்கு அது தானாகத் தெரியாது. நாம்தான் சொல்லித் தர வேண்டும்.

சிந்திப்பீர்களா நண்பர்களே?

– பத்தாம் வகுப்பு மாணவன், 'ஆ' பிரிவு