"பிறகு பார்க்கலாம்" என்பது சரியா?

"ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்த வேண்டும்?" என்பது நம்மில் பலர் கேட்கும் கேள்வி. கணிப்பொறிக் கூடத்தில் இக்கேள்வி நாள்தோறும் எழுகிறது. திரையின் மூலையில், "புதிய பதிப்பு வந்துள்ளது, நிறுவலாமா?" என்று ஒரு சிறு பெட்டி தோன்றுகிறது. அருகிலேயே "பிறகு" என்று ஒரு பொத்தானும் இருக்கிறது. நம் விரல் எதை நாடுகிறது? பிறகு என்பதைத்தான்! செய்முறைப் பயிற்சியை முடிக்க வேண்டும்; அடுத்த வகுப்பினர் வாயிலில் காத்து நிற்கின்றனர். நாளை அதே இருக்கையில் அமரும் தோழியும் அதையே அழுத்துகிறாள். பல கைகள் தள்ளிவைத்த வேலை, முடிவில் எவருடைய வேலையும் இல்லாமல் போகிறது. இது சரியன்று என்பதே என் கருத்து.

மென்பொருள் என்பது மனிதர் எழுதிய கட்டளைகளின் தொகுப்பு. மனிதர் எழுதியதில் பிழை இருப்பது இயல்பு. எழுதியவர்களே பிழையைக் கண்டு திருத்திப் புதிய பதிப்பாக வெளியிடுகின்றனர். ஆனால் ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம். திருத்தம் வெளியானதும், பூட்டில் ஓட்டை எங்கே இருந்தது என்பதைத் திருடனும் அறிந்துகொள்கிறான். அதன் பிறகும் வாளாவிருப்பது முன்னிலும் ஆபத்தானது.

2017ஆம் ஆண்டில் நடந்தது இதற்குச் சான்று. விண்டோஸில் இருந்த ஒரு குறைக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் 14ஆம் நாள் திருத்தம் வெளியிட்டது. ஏறத்தாழ இரண்டு திங்கள் கழித்து, மே 12ஆம் நாள், 'வான்னாக்ரை' என்னும் தீய நிரல் அதே குறையின் வழியே புகுந்தது. கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்டது. சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் சிக்கின. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன; நோயாளிகள் வேறிடங்களுக்கு அனுப்பப்பட்டனர். மருந்து கையில் இருந்தும் உட்கொள்ளாத நோயாளியின் கதை இது! அந்த நிரல் ஒரு கணிப்பொறியிலிருந்து அடுத்ததற்குத் தானே தாவியது என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஒருவர் சோம்பலின் விலையை அடுத்தவரும் செலுத்த நேர்ந்தது.

"புதிய பதிப்பை நிறுவினால் என் கோப்புகள் அழிந்துவிடுமே!" என்று அஞ்சுவோர் உண்டு. நிறுவல் தொகுப்பு வேலை செய்யும் விதத்தை அறிந்தால் இந்த அச்சம் குறையும். லிபர் ஆபீஸ் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதன் புதிய பதிப்பு ஒரே கோப்பாகக் கிடைக்கிறது. அதை இயக்கியதும், பழைய பதிப்பு உள்ளதா என்று பார்க்கிறது. இருந்தால் அதன் நிரல்களை அகற்றிப் புதியவற்றை அவ்விடத்தில் வைக்கிறது. நாம் எழுதிய கட்டுரைகளும் போட்ட கணக்குகளும் வேறிடத்தில் இருப்பதால் அவற்றைத் தொடுவதில்லை. அடுப்பை மாற்றினால் உறியில் உள்ள தயிர் கெடுமா? ஆயினும் முதலில் ஒரு படி எடுத்து வைப்பதே அறிவுடைமை. மேலும், இணைய இணைப்புள்ள ஒரு கணிப்பொறியில் இறக்கிய தொகுப்பைப் பென்டிரைவில் எடுத்துச் சென்று, இணைப்பில்லாத இருபது கணிப்பொறிகளிலும் நிறுவிவிடலாம்.

"புதுப்பித்தலே கெடுதல் செய்ததுண்டே!" என்று கேட்போரும் உண்டு. உண்மைதான். 2024 ஜூலை 19 அன்று 'கிரவுட்ஸ்ட்ரைக்' என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான திருத்தத்தால் சுமார் 85 இலட்சம் கணிப்பொறிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களிலும் பயண அட்டையைக் கையால் எழுதித் தந்தார்கள். ஆனால் அதிலிருந்து நாம் கற்க வேண்டியது, புதுப்பிக்கவே கூடாது என்பதன்று. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் புதுப்பிக்கக் கூடாது என்பதே. முதலில் ஒரு கணிப்பொறியில் நிறுவி இரண்டு நாள் பார்ப்போம். பழுதில்லை என்றால் மற்றவற்றில் நிறுவுவோம். சோற்றுப் பதம் பார்க்கத் தெரிந்த நமக்கு இது கடினமா?

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். தொகுப்பு எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்பது மிக முக்கியம். மென்பொருளை வெளியிட்டவரின் சொந்தத் தளத்திலிருந்தே பெற வேண்டும். அண்மை ஆண்டுகளில் திருமண அழைப்பிதழ் என்றும் வங்கிச் செய்தி என்றும் வாட்ஸ்அப்பில் வரும் 'ஏ.பி.கே.' கோப்புகளைத் திறந்து பலர் பணத்தை இழந்திருக்கிறார்கள். அவையும் நிறுவல் தொகுப்புகளே, அனுப்புவோர்தாம் திருடர்கள். கதவைத் தட்டுபவர் யாரெனக் கேளாமல் திறக்கலாமா?

ஆகவே, அன்புச் சகோதரிகளிடமும் ஆசிரியர்களிடமும் பணிவுடன் ஒன்று கேட்கிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமையைக் கணிப்பொறிக் கூடத்துக்கு ஒதுக்குங்கள். ஆசிரியை ஒருவர் மேற்பார்வையில் இரு மாணவியரிடம் பொறுப்பைக் கொடுங்கள். எந்தக் கணிப்பொறியில் எந்தப் பதிப்பு, என்று நிறுவியது என்பதை எழுதிவைக்க ஒரு குறிப்பேடு போதும். மாணவியருக்கு அதுவே ஒரு பாடமாகும், பொறுப்புணர்வும் வளரும்.

பத்துக் கன்னியர் உவமையை நாம் அனைவரும் அறிவோம். பத்துப் பேர் கையிலும் விளக்கு இருந்தது. ஐவர் எண்ணெய் கொண்டுவர மறந்தனர். அவர்கள் தீயவர்கள் அல்லர். தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தவர்கள். ஆனால் நள்ளிரவில் அழைப்பு வந்தபோது கடைக்கு ஓட நேர்ந்தது. திரும்புவதற்குள் கதவும் அடைபட்டது. தோழியரே, அடுத்த முறை அந்தச் சிறு பெட்டி தோன்றும்போது அந்த ஐவரை நினைவுகூர்வோம். "பிறகு" என்பதை விடுத்து, இன்றே எண்ணெய் நிரப்புவோமாக!